என்ர வீடு, என்ர சட்டமா?

ஸ்காபுரோவில் எந்தக் கலியாண மண்டபத்து மேசையிலும் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். பேச்சு மோட்கேஜ் வட்டியில் தொடங்கி, கீழே இருக்கும் குடும்பத்தில் வந்து நிற்கும். "இந்த நாட்டுச் சட்டம் முழுக்க வாடகைக்காரன்ர பக்கம். ஒருக்கா உள்ளுக்கு விட்டால் பிறகு எழுப்பவே ஏலாது." மேசையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வேறொருவருடைய பேஸ்மென்ட்டில் இருந்து அந்தக் கலியாணத்துக்கு வந்தவரும் தலையாட்டிவிட்டுப் பிரியாணியைக் கிளறுவார்.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. அதைப் பிறகு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்ராறியோச் சட்டம் வீட்டுக்காரரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்கிறார்களே, அது சட்டத்தைத் திறந்தும் பார்க்காதவர்களின் பேச்சு. 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2007 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. தானே குற்றம் சாட்டி, தானே தீர்ப்புச் சொல்லி, தானே நிறைவேற்றும் அதிகாரத்தை அது வீட்டுக்காரருக்குத் தரவில்லை. ஆள் வேலைக்குப் போன நேரம் பூட்டை மாற்றக்கூடாது, சாமான்களைத் தூக்கிப் பனிக்குள் வைக்கக்கூடாது, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. வீட்டுக்காரர்-வாடகைக்காரர் பிணக்குகளை விசாரிக்கும் மாகாணச் சபையின் (Landlord and Tenant Board) உத்தரவோடு ஷெரிஃப் வந்து வெளியேற்றுவதுதான் ஒரே வழி. இது புதிதாக வந்த கொடுமையும் இல்லை. பாக்கிக்காக வாடகைக்கு இருப்பவரின் தளபாடத்தைப் பறிக்கும் பழைய ஆங்கிலேய வழக்கத்தைக் குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை ஒன்ராறியோ 1970இலேயே ஒழித்துவிட்டது. நம்மில் அநேகர் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பு.

மற்றபடி வீட்டுக்காரருக்குச் சட்டம் எதைக் கொடுக்கவில்லை? வாடகை வரவில்லையா, மறுநாளே என்-4 நோட்டீஸ் கொடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் பிந்திப் பிந்தித் தருகிறாரா, அதற்கு என்-8. வீட்டைச் சேதப்படுத்துகிறார், ஆட்களை அளவுக்கு மீறி அடைத்து வைக்கிறார் என்றால் என்-5. சொந்தப் பிள்ளை கலியாணம் கட்டி அங்கே வந்து இருக்கப்போகிறது என்றால் என்-12. வாடகை பாக்கியோடு ஓடிப்போனவர் மேல் பிறகு வழக்குப் போடவும் 2021 செப்டெம்பரிலிருந்து அதே சபையில் வழி உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய வரத்தைப் பற்றி எந்த மேசையிலும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆள் மாறினால் புதியவரிடம் என்ன வாடகையும் கேட்கலாம். 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தந்த சலுகை இது. பிறகு வந்த எந்த அரசாங்கமும் அதைத் தொடவில்லை. பத்து வருடமாக ஒரே வாடகையில் இருக்கும் குடும்பம் எழும்பிப் போனால் வீட்டுக்காரருக்கு எவ்வளவு லாபம் என்பதை விரல்விட்டுக் கணக்குப் பார்க்கலாம். வாடகைக்கு இருப்பவர் பக்கமே சாய்ந்த ஒரு சட்டம் இப்படியொரு ஆசையை வீட்டுக்காரர் முன்னால் தொங்கவிடுமா?

உள்ளே இருப்பவருக்குத்தான் உச்சவரம்பு. பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, 90 நாள் முன்னறிவிப்போடு, மாகாணம் அறிவிக்கும் அளவுக்குள் கூட்டலாம். 2023, 2024, 2025 மூன்று வருடமும் அது 2.5 சதவீதம், 2026க்கு 2.1. வாடகை 1,600 டொலர் என்றால் 2.5 சதவீதத்துக்கு மாதம் 40 டொலர் கூடும். "நாப்பது டொலரை வச்சு நான் என்ன செய்ய?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, வட்டி ஏறிய வருடங்களில் அது உறைத்திருக்கும். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த கொண்டோக்களுக்கு இந்த உச்சவரம்பே கிடையாது. அதற்குப் பிறகு புதிதாக உருவான பேஸ்மென்ட்களில் சிலவும் அந்த விலக்குக்குள் வரும். அங்கே 1,600ஐ ஒரே தாவலில் 2,400 ஆக்கினாலும், 90 நாள் நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் சட்டம் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். டவுன்டவுனில் முதலீட்டுக்கென்று கொண்டோ வாங்கிப்போட்ட நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் அந்த மேசையில் வாடகைச் சட்டத்தைப் பற்றி முறையிட்டு நான் கேட்டதில்லை.

பெரிய கம்பனிக்காரருக்கு இல்லாத இரண்டு சலுகைகளும் சிறிய வீட்டுக்காரருக்கு உண்டு. மூன்றுக்கு மேற்படாத குடியிருப்புகள் உள்ள கட்டடத்தில் வீட்டுக்காரரும் வசிக்கிறார், கீழே இருப்பவர் அவருடைய நிம்மதியைக் கணிசமாகக் கெடுக்கிறார் என்றால், திருந்த அவகாசம் எதுவும் தராமல் பத்து நாள் நோட்டீஸோடு சபைக்குப் போகலாம். மேல் மாடியில் தானும் கீழே வாடகைக்காரரும் என்று வாழும் ஸ்காபுரோ வீட்டுக்காரருக்காகவே எழுதிவைத்தது போன்ற பிரிவு அது. ஆனால் அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இரண்டாவது சலுகை இன்னும் பெரியது. வீட்டுக்காரரோடு, அல்லது அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடு சமையலறையையோ குளியலறையையோ கட்டாயம் பகிர வேண்டிய அறை என்றால் இந்தச் சட்டமே அங்கே செல்லாது. துணையின் பெற்றோரும் இந்தக் கணக்கில் சேர்த்தி, அதாவது மாமியார் அதே வீட்டில் இருந்து அதே அடுப்பில் சமைத்தாலே போதும். சென்டெனியல் கல்லூரிக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஒரு வீட்டின் நடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளையை வீட்டுக்காரர் பெட்டியோடு வெளியே விட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சட்டம் யார் பக்கம் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி மற்றொரு நம்பிக்கை: "என்ர பேஸ்மென்ட் சிட்டியில பதிஞ்சதில்லை. அதால அவைக்கு உரிமையும் இல்லை." இதை வீட்டுக்காரரும் நம்புகிறார், வாடகைக்கு இருப்பவரும் நம்புகிறார். இரண்டாவது ஆள் நம்புவதால்தான் முதல் ஆளின் காரியம் நடக்கிறது. அனுமதி இல்லாத பேஸ்மென்ட்டில் இருப்பவருக்கும் வாடகைச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். வீட்டுக்காரர் நகரசபையிடம் அனுமதி எடுக்காதது வீட்டுக்காரரின் குற்றம்; அந்தக் குற்றத்தைக் காட்டியே அவர் தன் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது. ரொறொன்ரோவில் பேஸ்மென்ட் குடியிருப்புகளின் வரலாறே இழுபறி. 1994இல் மாகாணம் அனுமதித்தது, அடுத்த வருடம் வந்த மைக் ஹாரிஸின் மாகாண அரசாங்கம் அதை எடுத்துவிட்டது, 2000ஆம் ஆண்டு வாக்கில் நகரசபையே மறுபடி கதவைத் திறந்தது. அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் ஸ்காபுரோவில் 2024 மார்ச் 31 வரை சட்டவிரோதம். அன்றிலிருந்து உரிமம் எடுத்தால் சட்டப்படி நடத்தலாம். இவ்வளவு காலம் ஒளிந்து நடத்திய பழக்கம்தான் "எங்களுக்குச் சட்டம் இல்லை" என்ற நினைப்பாகத் தேங்கிவிட்டது.

ஒரு பேஸ்மென்ட்டைக் கிட்ட நின்று பார்ப்போம். வீட்டுக்கு ஒரே ஒரு ஃபர்னஸ், கீழே வாடகைக்கு இருப்பவரின் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் நின்று உறுமிக்கொண்டிருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரரின் வரவேற்பறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில். சில வீடுகளில் அதற்கு மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியும் சின்னப் பூட்டும். மேலே வெயில் விழும் யன்னல்கள், சமையல் சூடு, ஆட்கள். 19இல் வைத்தாலே போதும். கீழே சீமெந்துத் தரையில் பிள்ளை இரண்டு காலுறை போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்கிறது. தொலைபேசி எடுத்தால் "காஸ் பில் எவ்வளவு வருது தெரியுமோ?" என்று பதில். நகர விதிப்படி குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும். நகரசபையின் 311க்கு ஒரு அழைப்பு எடுத்தால் அதிகாரி வருவார். ஆனால் அந்த அழைப்பை எடுத்தால் அடுத்த மாதம் வீடு போய்விடும் என்று கீழே இருப்பவர் பயப்படுகிறார். புகார் செய்ததற்குப் பழிவாங்கவே வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சபை அந்த மனுவைத் தள்ளுபடி செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவருக்கு அதைச் சொல்லுவார் யார்?

"வீட்டைப் பார்த்துத்தானே வந்தவை, அப்ப தெரியாதோ?" என்ற வாதமும் செல்லாது. குடிவரும்போதே பழுது கண்ணுக்குத் தெரிந்திருந்தாலும், அதைத் திருத்திக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. நாய் பூனை வளர்க்கக்கூடாது என்று லீஸில் எழுதினால் அந்த வரி வெற்று வரி (கொண்டோவின் சொந்த விதிகள் வேறு கதை). ஒரு வருட லீஸ் முடிந்தால் எழும்பிவிட வேண்டும் என்பதும் அப்படித்தான். அது தானாகவே மாதத்துக்கு மாதம் தொடரும். குடிவரும்போதே, போகும் நாளையும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரர்கள் நம்மில் உண்டு. பொதுவாக அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி கிடையாது. சட்டத்துக்கு முரணாக என்ன ஒப்பந்தம் போட்டாலும், எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்து வைத்தாலும், சட்டமே மேலே நிற்கும். ஊரில் நொத்தாரிசு முன்னால் எழுதியதைக் கல்வெட்டாக நினைத்துப் பழகிய நமக்கு இது ஏறுவது கஷ்டம்தான்.

சரி, சபைக்குப் போய்த் தோற்ற வீட்டுக்காரர்களின் கதைகளுக்கு என்ன பதில்? அந்தக் கதைகளை இடையில் நிறுத்தி, "எந்தப் படிவம் கொடுத்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கதை உடையும். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் எழும்புங்கோ" என்று ஒரு வரி போட்டிருப்பார். அது நோட்டீஸ் ஆகாது. என்-4ஐக் கதவில் ஒட்டிவிட்டுப் படம் எடுத்து வைத்திருப்பார். கதவின் கீழால் தள்ளலாம், தபால்பெட்டியில் போடலாம், கையில் கொடுக்கலாம். ஒட்டினால் கொடுத்த கணக்கில்லை. தபாலில் அனுப்பினால் ஐந்து நாள் கூட்ட வேண்டும், கூட்டியிருக்க மாட்டார். வாடகை பாக்கியோடு இன்டர்நெட் காசையும், உடைந்த கதவின் விலையையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதியிருப்பார். என்-4இல் வாடகை மட்டும்தான் வரலாம். மற்றது சேர்ந்தால் மனு அந்த இடத்திலேயே விழும். இரண்டு பக்கப் படிவத்தை ஒழுங்காக நிரப்பாமல் மாதக்கணக்காகக் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து, சட்டத்தைத் திட்டுவது.

இன்னும் ஒன்று. பெரும்பாலானோர் வாடகையைக் காசாக வாங்குகிறார்கள், பற்றுச்சீட்டுக் கொடுப்பதில்லை. வருமான வரிக்குக் காட்டாமல் விடலாம் என்பதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் வெட்கப்பட்டுச் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வாடகைக்கு இருப்பவர் கேட்டால் இலவசமாகப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது கடமை. 2018 ஏப்ரல் 30இலிருந்து மாகாணத்தின் பொது லீஸ் படிவத்தைப் பயன்படுத்துவதும் கடமை. இரண்டையும் செய்யாத ஒருவர், நாலு மாத வாடகை வரவில்லை என்று சபைமுன் நிற்கும்போது எதைக் காட்டி நிரூபிப்பார்? தான் முன்பு வாங்கிய வாடகைக்கே கணக்கு இல்லாதவர் வராத வாடகைக்குக் கணக்குச் சொல்ல முடியுமா? ஆளை எடுக்கும்போதும் இதே அசட்டை. கடன் மதிப்பு அறிக்கை, வேலைக் கடிதம், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் கேட்பது "எந்த ஊர்?" என்று. தெரிந்தவரின் ஒன்றுவிட்ட தம்பி என்றால் சாவி கை மாறிவிடும்.

என்-12ஐப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் சமூகத்தில் மிகச் சாதாரணமாகச் சொல்லப்படும் பொய் இந்தப் படிவத்தில்தான் இருக்கிறது. "மகன் வரப்போறான்" என்று 60 நாள் நோட்டீஸ். குடும்பம் மரியாதையாக எழும்பிப் போகிறது. இரண்டு மாதத்தில் அதே பேஸ்மென்ட் 600 டொலர் கூடுதலாக விளம்பரத்தில். மகன் கல்கரியில். வருபவர் குறைந்தது ஒரு வருடம் அங்கே வாழ உண்மையாகவே எண்ண வேண்டும் என்பது சட்டம். பொய் என்று நிரூபணமானால் பன்னிரண்டு மாத வாடகை வரை இழப்பீடு கட்டச் சொல்ல சபையால் முடியும். 2023இல் தனியாளுக்கான உச்ச அபராதத்தையும் ஒரு லட்சம் டொலர் ஆக்கினார்கள். அதைக் கண்டுபிடித்து மனுப் போட வேண்டியவர் யார்? ஏற்கெனவே வேறிடம் போய், வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பவர், அதுவும் ஒரு வருடத்துக்குள். ஆகவே பொய் பெரும்பாலும் பிழைத்துவிடும். இதுதான் வாடகைக்காரன் பக்கம் சாய்ந்த சட்டமாம்.

வாடகைக்கு இருப்பவர்களிடமும் ஒரு மூட நம்பிக்கை இருக்கிறது. "திருத்தித் தராட்டி வாடகையை நிப்பாட்டு, வழிக்கு வருவார்." இந்த ஆலோசனையைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவருடைய பேச்சைக் கேட்காதீர்கள். பழுதுக்குத் தனி மனு உண்டு, அதில் வாடகைக் குறைப்புக் கேட்கலாம். வாடகையை நிறுத்தினால் வீட்டுக்காரருக்கு மிகச் சுலபமான வழக்கை நீங்களே கையில் கொடுத்தவராவீர்கள். வீட்டைச் சாதாரண அளவுக்குத் துப்புரவாக வைத்திருப்பது, தானோ விருந்தாளியோ உடைத்ததைத் திருத்துவது, தன்னிச்சையாகப் பூட்டை மாற்றாமல் இருப்பது, போவதானால் 60 நாள் முன்பே எழுத்தில் சொல்வது எல்லாம் வாடகைக்கு இருப்பவரின் கடமைகள். ஒரு ஞாயிறு இரவு சாமான்களை வானில் ஏற்றிக்கொண்டு, சாவியை நிலையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் இங்கே வாதாடவில்லை.

ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்னது இரண்டு விடயம். முதலாவது, சேத முன்பணம். அல்பேர்ட்டாவில் ஒரு மாத வாடகையளவு வாங்கலாம், பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாதம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கத்தை மூன்று மாதமாகக் குறைத்தது, அறவே ஒழிக்கவில்லை. ஒன்ராறியோவில் கடைசி மாத வாடகையைத் தவிர வேறு வாடகை முன்பணமோ சேத முன்பணமோ கேட்க முடியாது. அதற்கும் வருடாவருடம் வட்டி கொடுக்க வேண்டும். அதைச் சேதத்துக்குக் கழிக்கவும் முடியாது. சுவரில் ஓட்டையும் உடைந்த அடுப்புமாக வீட்டைத் திரும்பப் பெற்ற சிறிய வீட்டுக்காரர் இதைப் பற்றிக் கோபப்பட்டால் நானும் கூடவே கோபப்படுவேன்.

இரண்டாவது, தாமதம். உண்மையான வியாதி இதுதான். மாகாண ஒம்புட்ஸ்மன் போல் டூபே 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்போது சபையில் தேங்கிக்கிடந்த மனுக்கள் 38,000க்கு மேல். 2018 தேர்தலை ஒட்டிய காலத்திலிருந்தே நடுவர்கள் வெளியேற, அந்த இடங்கள் நிரப்பப்படாமல் கிடந்ததை அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. அப்போது விசாரணைத் தேதி கிடைக்கவே சராசரி ஏழெட்டு மாதம் ஆனது. வாடகைக்கு இருப்பவர் போட்ட மனுக்களில் சில இரண்டு வருடம் வரை கிடந்தன. வாடகை வராமல் எட்டு மாதம் மோட்கேஜ் கட்டுவது ஒரு குடும்பத்தை முறித்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே காலத்தில் ஹீட் இல்லாமல் இரண்டு குளிர்காலத்தைக் கழித்தவரும் அதே வரிசையில்தான் நின்றார், இன்னும் பின்னால். சட்டம் அவர் பக்கம் இருந்தால் அவர் வரிசையில் முன்னுக்கு நின்றிருக்க வேண்டுமே.

இந்த வியாதிக்கு மாகாணம் எழுதிய மருந்தைப் பாருங்கள். 2025 நவம்பரில் நிறைவேறிய 60ஆம் சட்டமூலம், வாடகை பாக்கி நோட்டீஸில் வாடகைக்கு இருப்பவருக்குக் கிடைக்கும் 14 நாளை 7 ஆக்குகிறது. சொந்த உபயோகத்துக்கு என்று எழுப்பும்போது கொடுக்க வேண்டிய ஒரு மாத இழப்பீட்டை, 120 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. விசாரணைக்கு வந்த இடத்தில் வாடகைக்கு இருப்பவர் பழுதைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் பாக்கியில் பாதியைக் கட்டச் சொல்கிறது. ஏழு நாள் மிச்சம். மாதக்கணக்காகக் கிடக்கும் மனுவுக்கு இந்த ஏழு நாள் எந்த மூலைக்கு?

ஒன்ராறியோ சட்டசபையில் 2018 முதல் ஆளுங்கட்சிப் பக்கம் இரண்டு தமிழர்கள் இருக்கிறார்கள். விஜய் தணிகாசலம் ஸ்காபுரோ ரூஜ் பார்க் தொகுதிக்கு, லோகன் கணபதி மார்க்கம் தோர்ன்ஹில் தொகுதிக்கு. நம்முடைய விழாக்களுக்கு வருகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த முறை வரும்போது, வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் சேர்ந்தே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: இன்று போட்ட மனு எந்த மாதம் விசாரணைக்கு வரும், அதைக் கேட்க எத்தனை நடுவர்கள் இருக்கிறார்கள்?